கம்ப்யூட்டர் திடீரென்று அணைகிறதா? பதறாமல் பழுதைக் கண்டுபிடிப்போம்



"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. இன்னைக்கு ரிப்போர்ட் எடுக்கிற நேரத்துல பொட்டுன்னு அணைஞ்சிடுச்சு."

கூட்டமைப்பு அலுவலகங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. குழுக்களின் சேமிப்பு, கடன், தவணை பாக்கி, வங்கிக்குக் கொடுக்க வேண்டிய பட்டியல், தணிக்கைக் கணக்கு என்று எல்லாமே இப்போது கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அது நின்றால் நம் வேலையும் நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் அணைந்தவுடன், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். "நீ என்னத்த அழுத்தினே?" என்று கேட்கிறோம்.

இந்தப் பாடத்தில் மூன்று விஷயங்களைக் கற்றுக்கொள்வோம். கம்ப்யூட்டர் தானாக ஏன் அணைகிறது? காரணத்தை நாமே எப்படித் தேடுவது? எந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்? படித்துவிட்டு இதை உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்த கதை

நம் பக்கத்தில் ஓர் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. பெயர் வேண்டாம். அலுவலகத்துக்குச் சிமெண்ட் ஷீட் கூரை. ஒரு சுவர் தள்ளி மாவு மில். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் வெளியாள் இல்லை, ஒரு குழுவின் உறுப்பினர்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகு பயிற்சிக்கு வந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர்.

மே மாதம். 14 குழுக்களின் கடன் விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் வங்கியில் கொடுக்க வேண்டும். அந்த வாரம் பார்த்துக் கம்ப்யூட்டர் அணைய ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஐந்து தடவை. டவுனிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் பெட்டியைத் திறக்காமலேயே, "மதர்போர்டு போச்சு, 9,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "புதுசா வாங்கி நாலு வருஷம்கூட ஆகலே." "பழக்கம் இல்லாதவங்க கையில குடுத்தா இப்படித்தான்." கடைசியில் அந்தச் சகோதரி எழுந்து, "அக்கா, என் ஊக்கத்தொகையில மாசாமாசம் பிடிச்சுக்குங்க. அடுத்த மாசத்துல இருந்து வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு நாங்களும் போயிருந்தோம். "ரெண்டு நாள் டைம் குடுங்க. யார் மேலயும் பழி போடறதுக்கு முன்னாடி எதனால அணையுதுன்னு பாத்துடுவோம்" என்று கேட்டுக்கொண்டோம். தலைவி அக்கா ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு நாளில் செய்ததைத்தான் வரிசையாகக் கீழே எழுதுகிறோம்.

கம்ப்யூட்டர் ஏன் தானாக அணைகிறது?

வீட்டு மிக்ஸியை நினைத்துப் பாருங்கள். சட்னி கெட்டியாகி, மோட்டார் திணறினால் டப்பென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் மறுபடி ஓடும். மிக்ஸி கெட்டுப்போனதால் நிற்கவில்லை. கெட்டுப்போகாமல் இருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

கம்ப்யூட்டரிலும் பல நேரம் இதுதான் நடக்கிறது. உள்ளே இருக்கும் பிராசஸர் என்ற முக்கியமான சில்லு, அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு குறையாமல் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனால், கருகிவிடாமல் இருக்க மொத்தமாக அணைத்துவிடும். அதே மாதிரி, மின்சாரம் சரியான அளவில் வராவிட்டாலும் அணைந்துவிடும்.

சுவரில் இருந்து வருவது 230 வோல்ட் மின்சாரம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாகங்களுக்கு அது ஆகாது. அவற்றுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று சின்னச் சின்ன அளவில்தான் வேண்டும். அப்படி மாற்றிக் கொடுக்கும் பெட்டிக்கு எஸ்எம்பிஎஸ் என்று பெயர். பவர் வயர் போய்ச் செருகும் இடத்தில், பெட்டியின் பின்பக்கம் இருக்கும். அதற்குள் ஒரு சின்ன ஃபேனும் உண்டு. நம் கதையில் இந்த ஃபேனுக்கு வேலை இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டில் ஏதோ ஓர் எழுத்தைத் தப்பாக அழுத்தியதால் கம்ப்யூட்டர் விளக்கை அணைத்த மாதிரி பொட்டென்று அணையாது. இதை எல்லா நிர்வாகிகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில்: எப்படி அணைந்தது என்று பாருங்கள்

டாக்டரிடம் போனால் "காய்ச்சல் எப்ப வந்துச்சு, குளிர் இருந்துச்சா?" என்று கேட்பார் இல்லையா? கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். அணைவதில் நான்கு வகை உண்டு.

1. விளக்கை அணைத்த மாதிரி பொட்டென்று அணைவது. ஃபேன் சத்தமும் நின்றுவிடும். பெரும்பாலும் மின்சாரம் அல்லது சூடு சம்பந்தப்பட்ட பழுது.

2. நீல நிறத் திரை வந்து, எழுத்துகள் காட்டி, தானாக மறுபடி தொடங்குவது. மெமரி, ஹார்டு டிஸ்க் அல்லது மென்பொருள் பக்கம் தேட வேண்டும்.

3. திரையில் படம் அப்படியே உறைந்து நிற்பது. மௌஸ் நகராது, ஆனால் ஃபேன் ஓடும். இதற்கும் மெமரி, ஹார்டு டிஸ்க், சூடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4. திரை மட்டும் கறுப்பாகி, பெட்டியில் விளக்கு எரிந்து, ஃபேனும் ஓடிக்கொண்டே இருப்பது. கம்ப்யூட்டர் அணையவில்லை. முதலில் மானிட்டரையும் அதன் கேபிளையும் பாருங்கள்.

நம் கதையில் வந்தது முதல் வகை.

இரண்டாவது: நோட்டுப் போடுங்கள்

குழுவில் எல்லாவற்றுக்கும் நோட்டுப் போடுகிறோம். கம்ப்யூட்டருக்கும் ஒரு 40 பக்க நோட்டுப் போடலாம். எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது என்ன வேலை நடந்தது, அறையில் லைட்டும் ஃபேனும் எரிந்ததா, மறுபடி உடனே வந்ததா, ஆறிய பிறகு வந்ததா. இந்த ஐந்தையும் எழுதினால் போதும்.

அந்த அலுவலகத்தில் ஒரே நாளில் எழுதியது இது:

காலை 10.05-க்குப் போட்டோம். 11.20-க்கு அணைந்தது. உறுப்பினர் பட்டியல் டைப் செய்துகொண்டிருந்தோம். லைட் எரிந்தது.

11.25-க்குப் போட்டோம். 11.40-க்கு அணைந்தது. லைட் எரிந்தது.

11.42-க்குப் போட்டோம். 11.50-க்கு அணைந்தது. லைட் எரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு 2.15-க்குப் போட்டோம். 2.55-க்கு அணைந்தது. அப்போது யாரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை, எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். லைட் எரிந்தது.

இந்த நான்கு வரியை ஒரு தடவை படித்துப் பாருங்கள். காலையில் 75 நிமிடம் ஓடியது. உடனே போட்டால் 15 நிமிடம், அதற்கடுத்து 8 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓய்வு கொடுத்த பிறகு 40 நிமிடம். ஆறினால் அதிக நேரம் ஓடுகிறது, சூட்டோடு போட்டால் சீக்கிரம் நிற்கிறது. ஆக, இது சூடு சம்பந்தப்பட்டது என்று நோட்டே சொல்லிவிட்டது. யாரும் தொடாதபோதும் அணைந்திருக்கிறது. அந்தச் சகோதரி மேல் பழி இல்லை என்பதையும் அதே நோட்டுதான் சொன்னது.

நோட்டுப் போட மறந்தால், விண்டோஸ் உள்ள கம்ப்யூட்டரில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு பதிவேடு இருக்கும். அதில் 6008 என்ற எண்ணில் வரும் செய்தி, எதிர்பாராமல் அணைந்த நேரத்தைக் காட்டும். 41 என்ற எண்ணில் 'கெர்னல் பவர்' என்றும் ஒரு செய்தி வரும். முறையாக மூடாமல் அணைந்தது என்பதுதான் அதற்குப் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது. அதைக் காட்டி யாராவது "மதர்போர்டு மாத்தணும்" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம்.

மூன்றாவது: வெளியில் இருந்து உள்ளே போங்கள்

காசு செலவில்லாத காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நாலு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும்.

பவர் வயர். சுவர் பக்கமும் பெட்டியின் பின்பக்கமும் நன்றாக அழுத்திச் செருகியிருக்கிறதா? மேஜையில் கால் பட்டால் அணைகிறது என்றால் வயர் லூஸ். பிளக் கருகிய நிறத்தில் இருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பவர் பட்டன். இந்தப் பட்டனை நான்கு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அழுக்கு சேர்ந்து பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டால், நாம் பிடித்திருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். போட்ட சில விநாடியில் அணைகிறது என்றால் இதையும் பாருங்கள்.

யுபிஎஸ். கரண்ட் போனவுடன் கம்ப்யூட்டரும் அணைந்தால் யுபிஎஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். இந்த பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் பலவீனமாகிவிடும். சூடான அறையில் இன்னும் சீக்கிரம். சந்தேகம் இருந்தால், இடி மின்னல் இல்லாத நாளில், கரண்ட் சீராக இருக்கும் நேரத்தில், யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அணையவில்லை என்றால் பழுது யுபிஎஸ்சில்.

லேசர் பிரிண்டர். இதைச் சின்ன யுபிஎஸ்சில் மாட்டவே கூடாது. லேசர் பிரிண்டர் சூடேறும்போது பல நூறு வாட் மின்சாரத்தை ஒரே நேரத்தில் இழுக்கும். யுபிஎஸ் தாங்காமல் எல்லாவற்றையும் அணைத்துவிடும். "பிரிண்ட் குடுத்தாத்தான் அணையுது" என்றால் இதுதான் காரணமாக இருக்கும். பிரிண்டருக்குத் தனி பிளக் கொடுங்கள்.

நம் கதையில் வயர் சரி, பட்டன் சரி. யுபிஎஸ் இல்லாமல் போட்டுப் பார்த்தோம், அப்போதும் அணைந்தது. ஆக, பழுது பெட்டிக்குள்.

நான்காவது: தூசியும் காற்றும்

கம்ப்யூட்டர் ஓடும்போது பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், உள்ளே விட வேண்டாம். வெதுவெதுப்பான காற்று வெளியே வர வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேன் இருந்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் கை வைத்துப் பாருங்கள்.

அந்த அலுவலகத்தில் நடு ஃபேனில் காற்று வந்தது. மேலே, எஸ்எம்பிஎஸ் இருக்கும் இடத்தில் காற்றே இல்லை. தகரம் மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டது. டார்ச் அடித்துப் பார்த்தோம். மாவு மில் தூசி படிந்து, கம்பளி மாதிரி அப்பிக்கொண்டு, உள்ளே இருந்த ஃபேன் சுற்றாமல் நின்றிருந்தது.

பெட்டியைச் சுத்தம் செய்யும் முறை இது:

கம்ப்யூட்டரை முறைப்படி மூடுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்ச் மட்டும் அணைத்தால் போதாது. பிறகு பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்துங்கள், மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கும். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன்னால் பெட்டியின் இரும்புப் பகுதியை ஒரு தடவை தொடுங்கள். நம் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் பாகங்களைக் கெடுக்காமல் இருக்க இது உதவும். காய்ந்த, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். புளோயர் இருந்தால், ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் அதிக வேகத்தில் சுற்றிக் கெட்டுப்போகும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வேலையை வாசலில் வைத்துச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை, சகோதரிகளே. எஸ்எம்பிஎஸ் பெட்டியின் திருகுகளை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கி நிற்கலாம். உயிருக்கு ஆபத்து. வெளியில் இருந்து தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது: சூட்டை அளந்து பாருங்கள்

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்கிற மாதிரி, கம்ப்யூட்டர் தன் சூட்டைத் தானே காட்டும். போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தொடர்ந்து தட்டினால் 'பயாஸ்' என்ற திரை வரும். எந்தப் பட்டன் என்று ஆரம்பத் திரையிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில், அதில் சிபியு டெம்பரேச்சர் என்ற இடத்தில் எண் தெரியும். 40 முதல் 60 வரை இருந்தால் பயமில்லை. 80-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பிராசஸர் சூடாகிறது என்று பொருள். அந்தத் திரையில் வேறு எதையும் மாற்றாமல், சேமிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

பிராசஸர் சூட்டுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அதன் மேல் இருக்கும் ஃபேன் நின்றிருக்கும். அல்லது ஃபேனுக்கு அடியில் உள்ள அலுமினியத் தகடுகளில் தூசி அடைத்திருக்கும். அல்லது தகட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். முதல் இரண்டும் நம் கண்ணுக்கே தெரியும். பேஸ்ட் தடவுவது மெக்கானிக் வேலை. விலை குறைவுதான்.

நம் கதையில் அந்த எண் 48 காட்டியது. பிராசஸருக்குக் காய்ச்சல் இல்லை. சூடு ஏறுவதோ நோட்டில் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் சூடாவது எது? காற்று வராத அந்த எஸ்எம்பிஎஸ்தான். ஃபேன் நின்றுபோன எஸ்எம்பிஎஸ் சூடாகும்போது, அது தர வேண்டிய வோல்டேஜைச் சரியாகத் தர முடியாது. 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்குக் கீழே இறங்கினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

ஆறாவது: மெமரி, ஹார்டு டிஸ்க், பேட்டரி

அணைவது இரண்டாவது, மூன்றாவது வகையாக இருந்தால் இவற்றைப் பாருங்கள்.

மெமரி. ரேம் என்று சொல்லும் நீளமான அட்டை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி அட்டையை எடுத்து, மறுபடி 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினாலே சில நேரம் சரியாகிவிடும். விண்டோஸில் 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனை இருக்கிறது. இரவு வீட்டுக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போகலாம்.

ஹார்டு டிஸ்க். உள்ளே இருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபைல் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனாலோ, மற்ற சோதனை எல்லாம் அப்புறம். முதலில் கணக்குகளைப் பென்டிரைவில் நகல் எடுங்கள்.

தேதி தப்பாகக் காட்டுவது. இதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரியான 3 வோல்ட் பேட்டரி. பொதுவாக சிஆர்2032 என்று கேட்டு வாங்கலாம். இது பலவீனமானால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அணையாது. ஆனால் தேதி மாறினால் நம் வட்டிக் கணக்கும் மாறிவிடும். தவணை பதிவதற்கு முன்னால் தேதியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தை மேல், துணி மேல் வைத்து ஓட்டினால் காற்று போகும் வழி அடைபட்டுச் சூடாகி அணையும். பலகை மேல் வையுங்கள். லேப்டாப்பின் அடிப்பக்கமோ கீபோர்டோ உப்பிக்கொண்டு வந்தால் பேட்டரி வீங்குகிறது என்று பொருள். அதை சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது. அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

ஏழாவது: மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

"தம்பி, கம்ப்யூட்டர் ஓடலே, வந்து பாருங்க" என்று சொல்லாதீர்கள். நோட்டைக் காட்டுங்கள். "யுபிஎஸ் இல்லாமலும் அணையுது. பிராசஸர் சூடு 48தான் இருக்கு. எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுத்தலே. வேற ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டி ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் பணம் பேசுவோம்" என்று சொல்லுங்கள். இப்படிப் பேசும் பெண்ணை ஏமாற்றுவது கஷ்டம்.

அந்தச் சகோதரியே வேறு ஒரு கடைக்குப் போன் செய்து இந்த வார்த்தைகளைச் சொன்னார். வந்த தம்பி தன் பையில் இருந்த ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினார். காலை 10 மணிக்குப் போட்ட கம்ப்யூட்டர் மாலை 5 மணி வரை அணையவில்லை. புது எஸ்எம்பிஎஸ்சுக்கு ஆன செலவு கூலியோடு 1,400 ரூபாய். மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 14 குழுக்களின் விண்ணப்பமும் வியாழக்கிழமையே வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது.

சில நேரம் உண்மையிலேயே மதர்போர்டு கெட்டிருக்கும். அதையும் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. மதர்போர்டில் குட்டி டப்பா மாதிரி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அது பழுது. 2000-களின் தொடக்கத்தில் தரமில்லாத கெபாசிட்டர்களால் உலகம் முழுவதும் ஏராளமான மதர்போர்டுகள் இப்படிக் கெட்டன. ஆகவே "மதர்போர்டு போச்சு" என்றால், "எந்த இடம், காட்டுங்க" என்று கேளுங்கள்.

மெக்கானிக்கிடம் மறக்காமல் கேட்க வேண்டியவை:

மாற்றுவதற்கு முன்னால் வேறு பாகம் மாட்டிச் சோதித்துக் காட்ட வேண்டும்.

கழற்றிய பழைய பாகத்தை நம்மிடம் கொடுத்துவிட வேண்டும்.

பாகத்தின் பெயர், விலை, உத்தரவாதக் காலம் எழுதிய ரசீது வேண்டும். தணிக்கைக்கும் அது தேவை.

நகல் எடுக்காமல் 'ஃபார்மட்' செய்யக் கூடாது. ஃபார்மட் செய்தால் எல்லாக் கணக்கும் அழிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் பழுதுக்கு ஃபார்மட் தேவையே இல்லை.

எட்டாவது: கணக்கைக் காப்பாற்றுங்கள்

கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம். கணக்கு போனால்? ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்தால் அந்த ஃபைலே பாழாகலாம். ஆகவே:

வேலை செய்யும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை 'சேவ்' கொடுங்கள். கன்ட்ரோல் பட்டனோடு எஸ் பட்டனை அழுத்தினால் போதும்.

தினமும் மாலை பென்டிரைவில் நகல் எடுங்கள். பென்டிரைவை எடுத்த பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள்.

வாரம் ஒரு நகல் அலுவலகத்துக்கு வெளியே, பொருளாளரின் பொறுப்பில் இருக்கட்டும்.

மாதம் ஒரு தடவை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, உறுப்பினர் பாஸ் புத்தகம் மூன்றையும் கையால் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.

முடிவாக

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அந்தக் கூட்டமைப்பு மூன்று தீர்மானங்கள் போட்டது. கம்ப்யூட்டருக்கு என்று ஒரு நோட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுவது. மாவு மில் பக்கத்து ஜன்னலுக்கு வலை அடிப்பது. நான்காவதாக எழுதப்படாத ஒரு காரியமும் நடந்தது. "பழக்கம் இல்லாதவங்க" என்று பேசிய அதே அக்கா, டீ வந்ததும் முதல் கிளாஸை எடுத்துப் போய் அந்தச் சகோதரியிடம் கொடுத்து, "உக்காரு கண்ணு, அந்தப் பெட்டியத் திறந்து எனக்கும் ஒரு தடவ காட்டு" என்றார். அவர் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார். பக்கத்து ஊராட்சிகளில் கம்ப்யூட்டர் அணைந்தால் இப்போது அவருக்குத்தான் போன் வருகிறது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இயந்திரம் நின்றால் காரணத்தைத் தேடுவோம், ஆளைத் தேட வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. நம் அலுவலகக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் கை வைத்தால் எல்லா ஃபேனிலும் காற்று வருகிறதா? இன்றே ஒருவர் பார்த்து வந்து சொல்லலாமா?

2. கடைசியாக எப்போது நகல் எடுத்தோம்? அது இப்போது யாரிடம் இருக்கிறது?

3. கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர் ஒருவர் மட்டும்தானா? இரண்டாவது ஆளாக யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம்?

4. ஏதாவது பழுது வந்தபோது காரணம் தெரியாமலே நம் குழுவில் யார் மேலாவது பழி போட்டிருக்கிறோமா? அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?